வால்பாறைக்கு நான் அனுப்பிய கடிதம்

அடுத்த மாதம் நீங்கள் சபை ஆயர்களாக அபிஷேகம் பெறப்போகிறீர்கள். "ஐயா, உங்க அனுபவத்துலருந்து பசங்களுக்கு நாலு பக்கம் எழுதிக் கொடுங்க" என்று உங்கள் இறையியல் பள்ளி முதல்வர் கேட்டார். நான் ஜெயித்த வாதங்களை எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். அப்படியும் சில உண்டு. ஆனால் ஜெயித்த கதையைக் கேட்டு யாரும் ஒன்றும் கற்றுக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை. நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். 

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கோயம்புத்தூரில் ஒரு சிறிய இறையியல் பள்ளியில் இருபத்தாறு வருடம் கோட்பாடு கற்றுக்கொடுத்தவன் நான். மாணவர்கள் எனக்கு வைத்த பட்டப்பெயர் 'செக்போஸ்ட்'. எந்தப் புதுக் கருத்தும் என் முன்னால் லாரியை நிறுத்தித் தார்ப்பாயைத் தூக்கிக் காட்டாமல் தாண்ட முடியாதாம். எனக்குத் தெரியாது என்று நினைத்து முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு.

நம்முடையது ஆங்கிலிக்கன் வழிவந்த சபை. அப்போஸ்தலர்கள் காலம் தொட்டு வந்த விசுவாசத்தை ஒவ்வொரு ஞாயிறும் எழுந்து நின்று வாய்விட்டுச் சொல்கிற கூட்டம். தொண்ணூறுகளில் அந்த வரிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிற பழக்கம் வந்தது. உயிர்த்தெழுதல் என்பது சீடர்களின் நினைவில் நடந்தது என்றார் ஒருவர். திரித்துவம் பழங்காலத்துத் தத்துவக் குழப்பம் என்றார் இன்னொருவர். நான் எல்லாருக்கும் பதில் எழுதினேன். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைத்தார்கள். இல்லை, பயம். என் காலத்தில், என் கண் முன்னால், என் கை ஓய்ந்திருந்த ஒரு நாளில் அந்த விசுவாசம் கைவிட்டுப் போய்விடுமோ என்கிற பயம். நல்ல காவலுக்குப் பயம் வேண்டும்தான். ஆனால் பயந்தவன் கையில் பேனாவைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், பேராயர் அலுவலகத்திலிருந்து ஒரு புகார்க் கடிதம் என்னிடம் வந்தது. வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் சபை. அங்கே இருந்த இளம் ஆயர் என்னிடம் படித்தவர். கெட்டிக்காரர், நல்ல மனசு. பெயர் வேண்டாம். அவர் இரண்டு வருடமாக ஞானஸ்நானம் கொடுக்கும்போது 'பிதா, குமாரன், பரிசுத்த ஆவி' என்ற நாமத்தைச் சொல்வதில்லை. 'படைத்தவர், மீட்டவர், தாங்குகிறவர்' என்று சொல்லித் தண்ணீர் ஊற்றுகிறார். இதுதான் புகார். இப்படி இருபத்துமூன்று குழந்தைகள். இது செல்லுமா, செல்லாதா என்று கோட்பாட்டுக் குழுவின் சார்பில் நான் எழுதித் தரவேண்டும்.

செல்லாது. அதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை. படைத்தவர் என்பது செய்த வேலையைச் சொல்லும் பெயர். பிதா என்பது உறவைச் சொல்லும் பெயர். வேலையைச் சொல்லிக் கூப்பிட்டால் ஆள் திரும்பிப் பார்க்கலாம், வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டதாகாது. ஞானஸ்நானம் என்பது வீட்டுக்குள் சேர்ப்பது. அந்த வீட்டுக்காரர் தமக்கு என்ன பெயர் என்று தாமே சொல்லியிருக்கும்போது, அதை மாற்றி வைக்க நாம் யார்?

அப்போது நாங்கள் கணபதியில் குடியிருந்தோம். பக்கத்துச் சந்திலிருந்து நாள் முழுக்க லேத் பட்டறைச் சத்தம். அந்தச் சத்தத்திலேயே உட்கார்ந்து, மத்தியானச் சாப்பாடுகூட இல்லாமல், மூன்று பக்கம் எழுதி முடித்தேன். 'மேற்படி சடங்குகள் ஞானஸ்நானமே அல்ல. பதிவேட்டில் அவற்றை ரத்து செய்யவேண்டும். பிள்ளைகளுக்கு முறைப்படி புதிதாக ஞானஸ்நானம் கொடுக்கவேண்டும்.' எழுதியதை உரக்கப் படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அது வேறு எனக்குச் சந்தோஷம்.

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு என் மனைவி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, அந்தப் பையன ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"எந்தப் பையன?"

"உங்ககிட்டப் படிச்சவருதான? நம்ம ஊட்டுல எத்தன நாள் சாப்பிட்டிருக்காரு. என்னப்பா செஞ்சேன்னு ஒருக்கா கேட்டுப்போட்டு எழுதலாமுங்கள்ள?"

"கேட்க என்ன இருக்கு? புகார்லயே எல்லாம் தெளிவா இருக்கு. இது அவனப் பத்தின விஷயம் இல்ல. கோட்பாட்டப் பத்தின விஷயம்."

"என்னமோ போங்க. சோறு ஆறுது" என்றாள்.

கடிதம் போயிற்று. பேராயர் ஒப்புக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து, அந்தச் சபையின் ஆராதனையிலேயே அதை வாசிக்க உத்தரவு போட்டார். யார் வாசிப்பது? அந்த ஆயரேதான். தன் மேல் வந்த தீர்ப்பைத் தன் வாயாலேயே வாசிக்கவேண்டும். இது கொஞ்சம் கொடுமை என்று எனக்குப் பட்டது. படட்டும், புத்தி வரும் என்று விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம் தபாலில் இன்னொரு உறை வந்தது. புதுச் சான்றிதழ்கள் எழுதுவதற்காக அந்தச் சபையில் ஆயருக்கு உதவியாக இருந்த உபதேசியாரிடம் பதிவேட்டின் நகல் கேட்டிருந்தேன். அதை அனுப்பியிருந்தார். இருபத்துமூன்று பெயர்கள், அழகான கையெழுத்து. விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். பதினேழாவது பெயர் சாமுவேல். தாய் மரகதம், கொழுந்து பறிப்பவர். கடைசிக் கட்டத்தில், மற்றவர்களுக்கெல்லாம் காலியாக இருந்த இடத்தில், சின்னதாக ஒரு சிலுவைக்குறி போட்டு எழுதியிருந்தார்: 'பிறந்த ஏழாம் மாதத்தில் காய்ச்சலில் இறந்தான். சபைக் கல்லறையில் அடக்கம்.'

 நாளைக் காலை பத்து மணிக்கு அந்தப் பெண் பாயில் உட்கார்ந்திருப்பாள். தன் பிள்ளைக்குக் கொடுத்தது ஞானஸ்நானமே அல்ல என்று வாசிக்கக் கேட்பாள். மற்றவர்களுக்கு மறுபடி கொடுப்பார்கள். அவள் பிள்ளைக்கு? என் மூன்று பக்கத்திலும் அதற்கு ஒரு வரி இல்லை. இருபத்துமூன்று பேரும் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. எல்லாரையும் எண்ணிக்கையாகத்தான் பார்த்திருக்கிறேன்.

எஸ்டேட் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். மழையில் லைன் செத்துக் கிடந்தது. பேராயர் ஊரில் இல்லை. தந்தி கொடுக்கலாம், ஆனால் அது போய்ச் சேருமென்று யார் சொல்வது? சாயங்காலம் வரை அறைக்கும் வாசலுக்குமாக நடந்தேன். என் மனைவி பையில் ஒரு துண்டும் மாத்திரையும் எடுத்து வைத்தாள். "காலைல மொத பஸ்ஸுக்கே கிளம்பிருங்க" என்றாள்.

பொள்ளாச்சி வரை நேரம் சரியாக இருந்தது. ஆழியாறு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் என் கை தானாக வாட்ச்சுக்குப் போயிற்று. பாதி மலையில் ஒரு லாரி வளைவில் திரும்ப முடியாமல் குறுக்கே நின்றுவிட்டது. மேலேயும் கீழேயும் வண்டிகள். நான் நாலு தரம் எழுந்து போய்க் கேட்டிருப்பேன்.

கண்டக்டர் பொறுமைசாலி. "சாமி, நீங்க கேக்கக் கேக்க லாரி நகருமுங்களா? சித்த உக்காருங்க. மேல ஏதாச்சும் எழவுங்களா?"

"ஆமா" என்று சொல்லிவிட்டேன். பொய்யாகவும் படவில்லை.

ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வது என்று பாடம் பண்ணினேன். திருமறைக் கல்வியில் பதில் இருக்கிறது, உங்களுக்கும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கடவுள் ஞானஸ்நானத்தை நமக்குக் கட்டளையாகக் கொடுத்தாரே தவிர, தம்முடைய இரக்கத்தை அதற்குள் பூட்டி வைக்கவில்லை. வகுப்பில் இதை எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! அன்று அது வாய்க்குள் மணல் மாதிரி இருந்தது.

போய்ச் சேரும்போது பத்தரை. சாலையிலிருந்து தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஓடினேன், என் வயசுக்கு அதை ஓட்டம் என்று சொல்ல முடியுமானால். தகரக் கூரை போட்ட சின்னக் கோயில். மழை அப்போது விட்டிருந்தது. அதனால் உள்ளேயிருந்து வந்த குரல் தெளிவாகக் கேட்டது. என் மாணவரின் குரல். என் வாக்கியங்கள். 'மேற்படி சடங்குகள் ஞானஸ்நானமே அல்ல.' ஒரு இடத்தில்கூடக் குரல் நடுங்கவில்லை. இறுதிவரை வாசித்தார். மடித்தார். நான் நனைந்த கோழியாக வாசலில் நின்றேன்.

பெண்கள் பக்கத்தில் ஒருத்தி எழுந்து நின்றாள். முப்பது வயசுக்குள்தான் இருக்கும். பொள்ளாச்சிப் பக்கம் பிறந்து எஸ்டேட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"ஐயா, மத்தப் பசங்களுக்கு மறுக்காக் குடுப்பீங்க. செரி. எம்பட சாமுவுக்கு என்னுங்க பண்ணுவீங்க?"

ஆயர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அப்போதுதான் என்னைப் பார்த்தார். "அத எழுதுனவரே வந்திருக்காருங்க" என்றார். குத்திக் காட்டவில்லை, மூழ்குகிறவன் கையை நீட்டுகிற குரல் அது.

நான் முன்னால் போனேன். பஸ்ஸில் பாடம் பண்ணியதைச் சொன்னேன். "அம்மணி, கடவுள் நம்ம சடங்குக்குக் கட்டுப்பட்டவரு இல்லீங்க. உங்க பையன் அவருகிட்டப் பத்திரமா இருக்கான்."

அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு மெதுவாக, மரியாதை குறையாமல் கேட்டாள்: "அப்படீங்களா. அப்ப மத்தப் பசங்களுக்கு மட்டும் மறுக்கா எதுக்குங்க?"

இருபத்தாறு வருடத்தில் எந்த மாணவனும் என்னை இப்படி மடக்கியதில்லை. மறுபடி தேவையில்லை என்றால் என் கடிதம் பொய். கட்டாயம் தேவை என்றால் சற்று முன் சொன்ன ஆறுதல் பொய். அத்தனை பேரும் என் முகத்தையே பார்த்தார்கள்.  "கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிவிட்டு ஆயரைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப் போனேன். அங்கேதான், இரண்டு வாரம் முந்தியே கேட்டிருக்கவேண்டியதைக் கேட்டேன்.

"என்னப்பா செஞ்ச? ஏன் செஞ்ச?"

"ஐயா, தொழிலாளிங்க லைன் வீட்டுல பாதிப் பிள்ளைங்க அப்பன்னாலே குடிச்சுப்போட்டு அடிக்கறவன்னுதான் நினைக்குது. அந்த வார்த்தைய அதுங்க தலைல ஊத்த எனக்கு மனசு வரலீங்க. தப்புன்னு இப்பத் தெரியுது. அடிக்காத அப்பா ஒருத்தரு இருக்காருன்னு சொல்லிக் கொடுத்திருக்கணும். நான் வார்த்தையவே எடுத்துப்போட்டேன்."

"இருபத்துமூணு பேருக்கும் அப்படித்தானா?"

அவர் ஆச்சரியமாக என்னைப் பார்த்தார். "இல்லீங்கய்யா. புகார்ல அப்படிப் போட்டிருக்கா? பெரியவங்க முன்னால நின்னா பழைய வார்த்தையே வந்துரும். சில நாள் பழக்கத்துல வந்துரும். எவனுக்கு எதச் சொன்னேன்னு எழுதி வெக்கலீங்க."

"சாமுவேலுக்கு?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "பழசத்தான் சொன்னேன்னு சொல்லிட்டா எல்லாருக்கும் நிம்மதி. ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பாத்துட்டேன். நெசமா ஞாபகம் இல்லீங்கய்யா."

நான் ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிடத்தில், கோட்பாட்டின் காவலனாகிய நான், அவர் பொய் சொல்லிவிடமாட்டாரா என்று ஆசைப்பட்டேன். அவர் சொல்லவில்லை. வெளியே வந்து மரகதத்திடம் கேட்டேன். ஒரு வக்கீல் சாட்சிக்கு எடுத்துக் கொடுப்பதுபோல வெட்கமில்லாமல் எடுத்துக் கொடுத்தேன்.

"அம்மணி, அன்னிக்கு ஐயா 'பிதா'ன்னு சொன்ன மாதிரி ஞாபகம் இருக்குதுங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அவளுக்குப் புரிந்துவிட்டது, என்ன சொன்னால் தன் பிள்ளைக்கு நல்லது என்று. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள்.

"அன்னிக்குப் பேஞ்ச மழையில தகரம் அதிர்ந்துதுங்க. ஒண்ணுமே காதுல விழுகல. விழுந்துதுன்னு சொல்லலாமுங்க. கோயிலுக்குள்ள நின்னுட்டுப் பொய் சொல்ல மாட்டேனுங்க."

அப்போதுதான் எனக்குப் பழைய ஜெபப் புத்தகத்தின் ஒரு மூலை ஞாபகம் வந்தது. மாணவனாக இருந்தபோது படித்துவிட்டு, வாத்தியாரான பிறகு ஒரு வகுப்பிலும் நின்று சொல்லாமல் தாண்டிப்போன பகுதி. ஒரு பிள்ளை ஞானஸ்நானம் பெற்றதா இல்லையா என்று நிச்சயமாகத் தெரியாவிட்டால், 'நீ இதற்கு முன் ஞானஸ்நானம் பெறாதிருந்தால்' என்று சொல்லித் தண்ணீர் ஊற்ற வேண்டும். முன்னால் நடந்தது செல்லாது என்றும் அது தீர்ப்புச் சொல்லாது, செல்லும் என்றும் சொல்லாது. நமக்குத் தெரியவில்லை என்று கடவுள் முன்னால் ஒப்புக்கொள்ளும். நான் கேட்டிருந்தால் சந்தேகம் இருப்பது தெரிந்திருக்கும். சந்தேகம் தெரிந்திருந்தால் அந்த மூலை ஞாபகம் வந்திருக்கும். கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கடிதத்தைத் திரும்பப் பெற எனக்கு அதிகாரம் இல்லை. அது பேராயரின் உத்தரவோடு வாசிக்கப்பட்டது.  இருந்தாலும் அங்கேயே சொன்னேன்: "இந்தக் கடுதாசியில நான் எழுதின கோட்பாடு சரி. ஆனா விசாரிக்காம எழுதிப்போட்டேன். எந்தப் பிள்ளைக்கு எப்படி நடந்துச்சுன்னு எங்களுக்குத் தெரியல. பேர் எதையும் அடிக்க வேண்டாம். இது என் தப்பு. உங்க ஐயா தப்பு ஒண்ணு, என் தப்பு ஒண்ணு."

மறுநாள், ஊர் திரும்பிய பேராயர் முன்னால் நின்றேன். நல்ல திட்டு. "உத்தரவ வாசிச்சு அஞ்சு நிமிஷத்துல மாத்தறதுக்கு நீங்க யாருங்க?" என்றார். வாங்கிக்கொண்டேன். முழுசாகத் திட்டி முடித்த பிறகு, "சரி, அந்தப் பழைய புத்தகத்த எடுங்க, எந்தப் பக்கம்?" என்றார்.

அடுத்த ஞாயிறு இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும் அந்த ஆயரே தண்ணீர் ஊற்றினார். நான் பக்கத்தில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு தலைக்கும் 'பெறாதிருந்தால்' என்று தொடங்கி, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று சுவர் அதிரச் சொன்னார். மழை பெய்தது, ஆனாலும் ஒருவர் காதுக்கும் தப்பவில்லை. மரகதம் செம்பில் தண்ணீர் மொண்டு மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லி அவள் அதைச் செய்யவில்லை.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்ததும் அவள் செம்போடு என்னிடம் வந்தாள். அடியில் இரண்டு விரல் அளவு தண்ணீர் இருந்தது.

"ஏனுங்கய்யா, அந்த வார்த்தை நல்லா இருந்துச்சுங்க. எம்பட சாமுவுக்கும் ஒருக்காச் சொல்லிப்போடுங்க. குழி இங்கதான், ரெண்டு எட்டு."

ஆயர் என்னைப் பார்த்தார். அங்கே வேறு யாரும் இல்லை. இரண்டு எட்டு நடந்து, ஒரு வார்த்தை சொல்லி, மண்ணில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் அந்தத் தாய் நிம்மதியாகப் போவாள். யாருக்கு நஷ்டம்? என் கை செம்பை வாங்க நீண்டுவிட்டது. ஆனால் இறந்தவர்களுக்கு நாம் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. போன வாரம் தன் பிள்ளைக்காகக்கூட ஒரு பொய் சொல்லாதவளுக்கு, அவள் பிள்ளையின் குழியில் நின்று நான் எப்படி ஒரு பொய்ச் சடங்கு செய்வேன்?

"மாட்டேனுங்க அம்மணி" என்றேன். நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன். "தண்ணி எங்க கைக்கு எட்டற பசங்களுக்குத்தானுங்க. உங்க பையன் எங்க கைய உட்டுப் போயிட்டான். அவன் இப்ப அவரு கையில இருக்கான். நாங்க சரியாச் செஞ்சமா, தப்பாச் செஞ்சமான்னு எங்களுக்குத்தான் தெரியல. அவருக்குத் தெரியும். நாங்க செஞ்ச தப்ப அவன் தலைல கட்ட மாட்டாரு. எங்க தலைலதான் கட்டுவாரு."

 அவள் செம்பிலிருந்த தண்ணீரைக் கோயில் வாசல் செம்பருத்திக்கு ஊற்றினாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இத அந்தக் கடுதாசியிலயே எழுதியிருக்கலாமுங்களே, சாமி" என்றாள்.

எழுதியிருக்கலாம்தான். மூன்று பக்கத்தில் இடம் இருந்தது.